கோஃபுகின்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் சுத்சு என்று ஒரு மீன்பிடி ஊர். மக்கள்தொகை மூவாயிரத்துக்கும் குறைவு. 2020 ஆகஸ்டில் இந்த ஊரின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. அணுமின் கழிவைப் புதைக்க இடம் தேடும் ஆய்வுக்குத் தன் ஊரை முன்வைக்க யோசிப்பதாக மேயர் ஹருவோ கதாஓகா சொன்னார். முதல் கட்ட ஆய்வுக்குத் தலையாட்டினாலே 200 கோடி யென் வரை அரசு தரும்; நம் ரூபாயில் நூறு கோடிக்கு மேல். அந்தப் பணத்தின் பெயர் கோஃபுகின். தமிழில் எழுத உட்கார்ந்தால் கை முதலில் போவது 'மானியம்' என்ற சொல்லுக்கு, அடுத்து 'இழப்பீடு' என்ற சொல்லுக்கு. இரண்டுமே சரிவராது என்பது என் கட்சி.

கோஃபுகின் மூன்று எழுத்துகளால் ஆன சொல். 'கோ' கைமாறுவதைக் குறிக்கும், 'ஃபு' சேர்ப்பித்துக் கொடுப்பதை. 'கின்' என்றால் பொன்; பணத்துக்கும் அதே எழுத்துதான். முதல் இரண்டும் சேர்ந்த 'கோஃபு' ஜப்பானிய அலுவலகங்களில் அன்றாடம் புழங்கும் சொல். அடையாள அட்டையை மக்களிடம் கொடுப்பது கோஃபு, சான்றிதழ் கொடுப்பதும் கோஃபு. மைய அரசு வரியில் ஒரு பங்கை ஊராட்சிகளுக்குப் பிரித்துத் தரும் ஏற்பாட்டின் பெயரிலும் இதே சொல் உண்டு. பரிவு, உதவி, வருத்தம் எதுவும் இதில் ஒட்டியிருக்காது. உதவி என்று சொல்ல வேண்டுமானால் 'ஹொஜோகின்' என்று தனிச் சொல் இருக்கிறது. குறையை நிரப்பித் துணைநிற்கும் பணம் என்று பொருள். நாம் மானியம் என்பது பெரும்பாலும் அதைத்தான்.

அணுமின்சாரத்தோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது 1974இல். ககுஎய் தனகா பிரதமராக இருந்தபோது 'மின்வளத்துக்கான மூன்று சட்டங்கள்' வந்தன. மின்சாரத்தின் மீது ஒரு வரி. அதைத் தனிக் கணக்கில் சேர்த்து, மின்நிலையத்துக்கு இடம் கொடுக்கும் ஊர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. இன்றைக்கு அந்த வரி ஆயிரம் யூனிட்டுக்கு 375 யென். மின்கட்டணத்துக்குள்ளேயே கரைந்திருப்பதால் தோக்கியோவில் கட்டணம் கட்டுகிறவருக்குப் பெரும்பாலும் இது கண்ணில் படாது. ஆரம்பத்தில் இந்தப் பணத்தைப் பெரும்பாலும் கட்டடங்களுக்கே செலவிட முடிந்தது. சின்னச் சின்ன ஊர்களில் பெரிய பெரிய அரங்குகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் எழுந்தன. இவற்றுக்கு ஜப்பானியர் 'ஹகோமோனோ' என்று பெயர் வைத்தார்கள். பெட்டிச் சாமான் என்று பொருள். கட்டப் பணம் வந்தது, பராமரிக்க வரவில்லை. விதிகள் 2003இல் தளர்ந்த பிறகுதான் மற்ற செலவுகளுக்கும் வழி பிறந்தது.

கழிவுக்கான கதை 2000இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு இறுதிப் புதைப்புச் சட்டம் வந்தது. புதைக்கும் பொறுப்புக்கு நூமோ என்ற அமைப்பு உருவானது. கண்ணாடியோடு உருக்கிக் கலந்து உறையவைத்த உயர்நிலைக் கழிவை, அதாவது கதிர்வீச்சு மிகுந்த கழிவை, 300 மீட்டருக்குக் கீழே புதைக்க வேண்டும், அதற்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். தேடல் மூன்று கட்டம். முதலாவது ஆவண ஆய்வு: பழைய நிலநடுக்கப் பதிவுகளையும் நில வரைபடங்களையும் மேசையில் பரப்பிப் படிப்பது. மண்ணில் ஒரு துளைகூடப் போடமாட்டார்கள். இரண்டாவதன் பெயரை அப்படியே பெயர்த்தால் 'மேலோட்ட ஆய்வு' என்று வரும். ஆழ்துளை போடுவது இந்தக் கட்டத்தில்தான் என்பது வேடிக்கை. இதற்கு 700 கோடி யென் வரை. மூன்றாவது, நிலத்தடியிலேயே இறங்கிப் பார்க்கும் துல்லிய ஆய்வு. எல்லாம் முடிய சுமார் 20 ஆண்டு.

கவனிக்க வேண்டிய இடம் முதல் கட்டம். காகிதம் படிப்பதற்கு எதற்கு ஊருக்கு 200 கோடி? இரண்டாம் கட்டத்துக்குப் போக மாகாண ஆளுநரின் கருத்தையும் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அதை மீறிப் போகமாட்டோம் என்று அரசு சொல்கிறது. முதல் கட்டத்துக்கு அவர் சம்மதமே தேவையில்லை, ஊர்த் தலைமை ஒத்துக்கொண்டால் போதும். ஆளுநரின் 'வேண்டாம்' செல்லாத கட்டத்திலேயே பணம் தொடங்கிவிடுகிறது. ஹொக்கைடோ ஆளுநர் நவோமிச்சி சுசுகி இதைக் கன்னத்தில் பணக்கட்டால் அடிக்கிற வேலை என்ற பொருளில் கண்டித்தார். அந்த மாகாணத்தில் இத்தகைய கழிவை ஏற்பதற்கில்லை என்று 2000இலேயே உள்ளூர்ச் சட்டம் உண்டு.

ஊர்களில் நடந்ததும் லேசான விஷயமல்ல. கோச்சி மாகாணத்தின் தோயோ ஊர் 2007 ஜனவரியில் விண்ணப்பித்தது. அந்தக் காலத்தில்தான் முதல் கட்டத்துக்கான ஆண்டுத் தொகை 21 கோடி யென்னிலிருந்து 100 கோடிக்குத் தாவியது. எதிர்ப்பு கிளம்பி, மேயர் பதவி விலகி மீண்டும் நின்று, ஏப்ரலில் தோற்றார். வென்றவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். சுத்சுவில் 2020 அக்டோபரில் மேயர் வீட்டில் தீக்குப்பி வீசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அங்கும் அதே தீவின் காமோஎனாய் கிராமத்திலும் ஆய்வு தொடங்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் கதாஓகா 1,135 வாக்கு, எதிர்த்தவர் 900 வாக்கு. பணத்தில் ஒரு பங்கை அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் கொடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் பக்கத்துச் சிமாமகி கிராமம் அணுக்கழிவே வேண்டாம் என்று சட்டம் போட்டுக்கொண்டது. சுஷிமா தீவில் நகரமன்றம் ஆய்வு வேண்டும் என்ற மனுவை ஏற்றும், 2023 செப்டம்பரில் மேயர் மறுத்துவிட்டார். 2024 மே மாதம் கென்காய் ஒத்துக்கொண்டது. அணுமின் நிலையம் இருக்கும் ஊர் ஒன்று முன்வந்தது அதுவே முதல்முறை. அதன் அடியில் நிலக்கரி இருக்கலாம் என்பதால், அரசின் 2017 வரைபடத்திலேயே ஊரின் பெரும்பகுதிக்குப் 'பொருந்தாது' என்ற நிறம். ஆனாலும் ஆய்வு தொடங்கியது.

எதிர்ப்பாளர்கள் இந்தப் பணத்தைக் கோஃபுகின் என்று சொல்லி விட்டுவிடுவதில்லை. 'மெய்வாகுர்யோ' என்பார்கள்: தொல்லைக்கான கட்டணம். நம் ஊர்ப் பேச்சில் வாயடைக்கிற பணம். அரசு இந்தச் சொல்லை வாயில் வைக்காது. அது சொல்வது 'வட்டார மேம்பாடு'.

இனி தமிழுக்கு. மானியம் வடமொழி வழி வந்த சொல். கோயிலுக்கும் ஊர் ஊழியக்காரருக்கும் வரியில்லாமல் விட்ட நிலம்தான் அதன் பழம்பொருள். கல்வெட்டுத் தமிழில் இறையிலி. செய்யும் ஊழியத்துக்குப் பதிலாக விட்டுக்கொடுப்பது என்ற அந்தப் பழம்பொருள் கோஃபுகினுக்கு ஓரளவு கிட்ட வருகிறது. சட்டமன்றத்து 'மானியக் கோரிக்கை'யில் ஒதுக்கப்படும் பணம் என்ற பொருளும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இன்று கடைத்தெருவில் மானியம் என்றால் எரிவாயு, உரம்; விலையில் தள்ளுபடி. அந்தக் காதோடு படிப்பவர், கழிவுக்கு ஏதோ சலுகை என்றே எடுத்துக்கொள்வார். இழப்பீடு என்று எழுதினால் இழப்பு நேர்ந்ததாக அரசே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஊக்கத்தொகை என்பது உண்மையைச் சொல்லும். ஆனால் அது விமர்சகரின் சொல்லாகத்தான் நிற்கும்.

பல்கலைக்கழகத் தமிழில் நல்கை உண்டு. நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் 'நல்கு' என்பதில் அன்பும் அருளும் கலந்திருக்கிறது. காதலன் அன்பு காட்டாததைக் குறள் 'நல்காமை' என்கிறது. அரசின் கடிதத்தோடு வரும் பணத்துக்கு அந்த ஈரம் பொருந்தாது.

மிஞ்சுவது 'வழங்கு'. குடும்ப அட்டை வழங்கல், பட்டா வழங்கல், உணவுப்பொருள் வழங்கல் துறை: கோஃபு புழங்கும் அதே மேசைகளில் நாம் புழங்கும் சொல், அதே ஒட்டாத தொனி. ஆகவே வழங்குநிதி. இலக்கணப்படி இது வினைத்தொகை. வழங்கிய, வழங்குகிற, வழங்கும் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கும். கழிவு வருமா வராதா என்றே தெரியாத கட்டத்தில் வரும் பணத்துக்கு அது தோதாகவும் இருக்கிறது. முதல் கட்டத்துக்கு 'ஆவண ஆய்வு வழங்குநிதி', 1974 சட்டங்களின் பணத்துக்கு 'மின்நிலைய வழங்குநிதி' என்று எழுதலாம். 2012 மார்ச்சில் கூடங்குளம் வட்டாரத்துக்குத் தமிழக அரசு அறிவித்த 500 கோடி ரூபாய் உலைக்கானது, கழிவுக்கானதல்ல. அதை 'சிறப்பு வளர்ச்சித் திட்டம்' என்று விடுவதே சரி.

ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு மக்களுக்குக் கிடைத்த பணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மின் நிறுவனம் செய்த கேட்டுக்குக் கொடுத்தது, ஜப்பானியத்தில் 'பைஷோ'. அங்கேதான் இழப்பீடு என்று எழுத வேண்டும்.