விண்ணப்பம் போட ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டிப்ளமோ முடித்தவர். "ஆரம்பத்துல தினமும் அப்ளை பண்ணுனேன் சார். ஒண்ணுக்கும் பதில் வரல. இப்ப வேலை விளம்பரத்தப் பாத்தாலே போனைக் கவுத்து வச்சிர்றேன். வீட்ல சோம்பேறிங்கிறாக. நெசமாவே சோம்பேறி ஆயிட்டேனா?"

இல்லை, தம்பி. உங்கள் மூளை தனக்குத் தெரிந்த மிகப் பழைய வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது.

1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். தப்பவே வழியில்லாமல் மின் அதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் தாண்டாமல் படுத்துக் கிடந்தன. 'என்ன செய்தாலும் பயனில்லை' என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டது என விளக்கம் சொன்னார்கள். உளவியல் பாடப் புத்தகங்களில் இந்த விளக்கம் நிலைத்துவிட்டது.

மேயர் அதோடு விடவில்லை. நரம்பியல் பக்கம் போனார். அங்கே அவர் செய்த சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இரண்டு எலிகள். இரண்டின் வாலிலும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி தொடங்கும். முதல் எலியின் முன்னே ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சுற்றினால் இரண்டு எலிகளுக்குமே அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலியும் சக்கரத்தைச் சுற்றலாம்தான், ஆனால் அதனால் எதுவும் மாறாது. ஆக, இரண்டும் பட்ட வலி ஒன்றே, பட்ட நேரமும் ஒன்றே. பிறகு பார்த்தால், இரண்டாவது எலி துவண்டு போகிறது. முதல் எலி தெம்பாக இருக்கிறது.

மூளைத் தண்டில் டார்சல் ராபே என்றொரு சிறு நரம்புத் தொகுதி உண்டு. கடுமையான துன்பம் நீடித்தால் அது செரோடோனின் என்ற நரம்பு வேதிப்பொருளைக் கொட்டித் தீர்க்கும். உடல் முடங்கும், பயம் கூடும். இது எல்லா எலிக்கும் பொது. ஆனால் சக்கரம் வேலை செய்த எலியில், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்நெற்றிப் புறணி என்ற மூளைப் பகுதி இதைக் கவனித்துவிடுகிறது: 'நான் செய்தேன், நிலைமை மாறியது.' உடனே கீழே சேதி அனுப்பி டார்சல் ராபேயை அடக்குகிறது. இதை எப்படி உறுதி செய்தார்கள் தெரியுமா? புறணியின் அந்தப் பகுதியை மருந்தால் தற்காலிகமாக மரக்கச் செய்தார்கள். எலி சக்கரத்தைச் சுற்றியது, அதிர்ச்சியும் நின்றது. இருந்தும் பிறகு அது மற்ற எலியைப் போலவே துவண்டது!

2016இல் மேயரும் செலிக்மனும் சேர்ந்து எழுதினார்கள்: நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். துவண்டு போவதை யாரும் கற்க வேண்டியதில்லை, நீண்ட துன்பத்துக்கு அதுதான் மூளையின் இயல்பான பதில். கற்க வேண்டியது, 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்பதை. இன்னொன்றும் கண்டார்கள். ஒருமுறை அதைக் கற்ற எலி, சில நாள் கழித்துத் தப்பவே முடியாத அதிர்ச்சியில் மாட்டினாலும் துவளவில்லை.

எலி வாலில் கரண்ட் வைக்க எதற்குப் பணம் என்று கேட்டிருந்தால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு தள்ளி வந்த இந்தத் திருத்தம் நமக்குக் கிடைத்திருக்காது. அடிப்படை ஆய்வுக்கு நம் அரசுகள் பொறுமையாகப் பணம் தர வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் வராதது, சுற்றியும் பயனில்லாத சக்கரம். வேலை கிடைப்பதா இல்லையா என்பது உங்கள் கையில் இல்லை. அதையே அன்றாட இலக்காக வைத்தால் தினமும் தோற்பீர்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போக டோக்கனும் கிடைக்காத நாளில் மீன்பாட்டைப் பற்றி யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுச் சரிசெய்யலாம். அதுபோல, செய்தால் அன்றே பலன் தெரிகிற ஒன்றை இலக்காக்குங்கள். இன்று பயோடேட்டாவில் ஒரு பத்தியைத் திருத்துவது. மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ உங்கள் துறையில் இருக்கும் ஒருவரிடம் நேரில் போய்ப் பேசுவது. வெல்டிங்கோ டேலியோ, ஒரு புதுப் பாடத்தை முடிப்பது. "காலை டீ குடித்ததும் உட்காருவேன்" என்று நேரத்தோடு கட்டிவிடுங்கள். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்ட திட்டம் அதிகம் நிறைவேறுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன.

ஊக்கப் பேச்சு வீடியோக்கள் மட்டும் போதாது. எலிக்கு யாரும் தைரியம் சொல்லவில்லை, சக்கரம் நிஜமாகவே வேலை செய்தது.

இங்கே வீட்டாரிடமும் ஒரு வார்த்தை. தேவிபட்டினம் நவபாஷாணத்துக்குக் கூட்டிப் போங்கள், கடலில் குளித்து வந்தால் மனசு லேசாகும் என்றால் நல்லதுதான். ஆனால் "ஏழரை முடியும்வரை எதுவும் நடக்காதுடா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பையனின் சக்கரத்தை நீங்களே கழற்றிவிடுவது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

2014இல், வேலை தேடுவோருக்கான பயிற்சிகளைப் பற்றிய 47 பரிசோதனைகளைச் சேர்த்து அலசினார்கள். பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டால், பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 2.67 மடங்காக இருந்தது. திறனையும் ஊக்கத்தையும் சேர்த்து வளர்த்த பயிற்சிகளே பலன் தந்தன. மிச்சிகன் பல்கலைக்கழகம் வடிவமைத்த பயிற்சி ஒன்றில், நிராகரிப்பு வரும் என்று முன்பே எதிர்பார்த்து, வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று திட்டம் போடச் சொல்வார்கள். நம் மாவட்ட வேலைவாய்ப்பு முகாம்களில் இப்படி ஒரு மணி நேரம் ஒதுக்கி, பலனை அளந்து பார்க்க ஆசைப்படுகிறேன்.

நீங்களும் ஒரு திட்டம் எழுதி வையுங்கள், தம்பி: 'பதில் வராவிட்டால், பத்தாம் நாள் ஒரு போன், அப்புறம் அடுத்த நிறுவனம்.' தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.