உங்கள் மகள் பார்த்த படத்தை நீங்களும் பாருங்கள்

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், நாகர்கோவிலில் உள்ள என் ஆலோசனை அறைக்கு விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளுடன் வந்தார். உட்காருவதற்கு முன்பே, துணிக்கடைப் பை ஒன்றிலிருந்து திரை நொறுங்கிய கைபேசியை எடுத்து என் மேசையில் வைத்து, "எனக்க பிள்ள நல்லாத்தான் இருந்தா மேடம், இந்தப் படத்தைப் பாத்துப் பாத்துத்தான் இப்படி ஆயிட்டா" என்றார். பிளஸ் ஒன் படிக்கும் அந்தப் பெண், நாற்காலிக் கைப்பிடியில் கிழிந்திருந்த ரெக்சினை நகத்தால் உரித்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் அவள் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிப் பருவக் காதல் படமும், டியூஷனில் உடன் படிக்கும் பையன் ஒருவனுடன் அவள் பேசிய வாட்ஸ்அப் உரையாடலும் ஒரே இரவில் அகப்பட்டிருக்கின்றன. மறுநாள் முதல் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டது. மூன்று வாரமாக அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தந்தை அடுத்த விடுப்பில் வரும்போது சொந்தத்திலேயே மாப்பிள்ளை பேசிவிடலாம் என்றும் முடிவாகியிருந்தது.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாய் சொன்ன வாக்கியத்தை மாற்றவில்லை, மாற்றவும் தேவையில்லை. குளச்சலிலிருந்து வருபவர்களும் தக்கலையிலிருந்து வருபவர்களும் தோவாளையிலிருந்து வருபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பதின்பருவப் பிள்ளைகளுடன் பணியாற்றும் உளவியலாளராக இதைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

படம் பார்த்ததால் காதல் வந்தது என்பது தவறு. இதை ஒரு முறைக்கு இரண்டு முறை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. நம் சங்க அகப்பாடல்களை எண்ணிப் பாருங்கள். மகள் உடல் மெலிகிறாள், உணவு கொள்ள மறுக்கிறாள், தனியாக அமர்ந்திருக்கிறாள். தாய்க்குக் காரணம் புரியவில்லை. முருகன் அணங்கிவிட்டான், அதாவது பிடித்து வருத்துகிறான் என்று நம்பி, முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, ஆடிப் பலியிடும் வெறியாட்டுச் சடங்கை எடுக்கிறாள். குறுந்தொகையின் 362ஆம் பாடலில், ஆட்டுக்குட்டியைப் பலியிட்டுத் தலைவியின் நெற்றியை நீவிவிடும் அந்த வேலனிடம், இவளை வருத்திய மலைநாட்டுத் தலைவனின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமோ என்று தோழி கேட்கிறாள். அக்காலத்தில் கைபேசி இல்லை, ஓடிடி இல்லை, டியூஷன் சென்டர் இல்லை. இருந்தும் மகளுக்குக் காதல் வந்தது, தாய்க்கு அது புரியாமல் போனது, வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து பிள்ளையைப் பிடித்துவிட்டது என்ற முடிவுக்கு வீடு வந்தது. அன்று அணங்கு என்றார்கள். இன்று படம் என்கிறோம். கைபேசியை உடைப்பதும் வெறியாட்டுத்தான், அதில் பலியாவது மட்டும் பிள்ளையின் படிப்பு.

என் அனுபவத்தில், பெரும்பாலான பெண்பிள்ளைகள் மனத்தில் ஒரு சலனம் தோன்றிய பிறகே இத்தகைய படங்களைத் தேடிப் போகிறார்கள். தனக்குள் நடப்பது வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா, இது நோயா, பாவமா, தான் மட்டும்தான் கெட்டவளா என்று அறிந்துகொள்ள அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம் கன்னியாகுமரி. பெண் பூப்பெய்தியதும் மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டிச் சோறு போடும் வீடுகளும் இங்கே உண்டு. ஆனால் அந்த விழாவுக்கு மறுநாளிலிருந்து அவள் உடலைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அகப்பாடல்களில் வளர்ப்புத் தாயான செவிலித்தாய் இருந்தாள், தோழி இருந்தாள். தோழி செவிலியிடமும், செவிலி பெற்ற தாயான நற்றாயிடமும் காதலைப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் முறைக்கு அறத்தொடு நிற்றல் என்ற பெயரே இருந்தது. தந்தை வெளிநாட்டிலும், தாய் வேலையிலும், பாட்டி வேறு வீட்டிலும் இருக்கும் குடும்பத்தில் செவிலியின் இடத்தைத் திரைப்படம் எடுத்துக்கொள்வது வியப்பன்று.

அந்தப் படங்கள் என்னதான் சொல்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் என்னிடம் புகார் சொல்லும் பெற்றோரில் பலர் படத்தை முழுமையாகப் பார்த்ததில்லை. 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தின் மயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை ஆக ஆசைப்பட்ட பெண், ஊருக்கு வந்த கால்நடை மருத்துவர்மேல் மனம் வைக்கிறாள். அவனுக்கு அது வெறும் பொழுதுபோக்கு என்பதை அவள் அறியும்போது அவளுடைய கனவும் ஊரில் அவளுக்கிருந்த பெயரும் சேர்ந்தே சிதைகின்றன. 1981இல் நம் முட்டம் கடற்கரையிலேயே படமாக்கப்பட்ட 'அலைகள் ஓய்வதில்லை' வந்தபோது பதின்பருவத்தில் இருந்த பெண்கள் இன்று பாட்டிமார்கள். அவர்களில் எவரும் அந்தப் படத்தால் கெட்டுப்போனதாக அவர்களுடைய மகள்கள் என்னிடம் சொன்னதில்லை. 2004இல் வந்த 'காதல்' படத்தில் பள்ளி மாணவி ஒருத்தி மெக்கானிக் இளைஞனுடன் மதுரையை விட்டுச் சென்னைக்கு ஓடுகிறாள். சாதியும் குடும்பமும் சேர்ந்து அந்த இருவரையும் என்ன செய்தன என்பதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் ஓடிப்போவது இனிமையாகத் தோன்ற வழியில்லை.

கேரள எல்லையை ஒட்டிய நம் மேற்குப் பகுதிப் பிள்ளைகள் மலையாளப் படங்களையும் துணை எழுத்து இல்லாமலே பார்ப்பவர்கள். 2019இல் வந்த 'ஜூன்' படத்தில், பிளஸ் ஒன் வகுப்பில் தொடங்கும் ஒரு பெண்ணின் கதை இருபதுகளின் நடுப்பகுதிவரை நகர்கிறது. பள்ளிக் காதல் முறிந்த பிறகும் வாழ்க்கை தொடர்வதை அது அலட்டலின்றிக் காட்டுகிறது. முதல் காதல் முறிந்ததும் உலகமே முடிந்துவிட்டதாக நினைக்கும் பிள்ளைகளிடம் நான் மணிக்கணக்கில் பேசிப் புரியவைக்க முயல்வதும் இதைத்தான். 2025இல் வெளியான 'பேட் கேர்ள்' இதையே இன்னும் கசப்பாக, பள்ளிப் பருவத்திலிருந்து முப்பதுகள்வரை கொண்டுசெல்கிறது. அதன் தலைப்பையும் முன்னோட்டத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கொதித்தவர்களை நானறிவேன்.

எனினும் பெற்றோரிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது 2024ஆம் ஆண்டின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' படத்தைத்தான். இமயமலை அடிவாரத்து உறைவிடப் பள்ளி ஒன்றில் மாணவர் தலைவியாகப் பொறுப்பேற்கும் மீரா என்ற பெண், புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவனை விரும்புகிறாள். தாய் அதை அறிந்து, மகளை அடிக்காமல், அந்தப் பையனை வீட்டுக்கு வரவழைத்துத் தன் கண்பார்வையிலேயே படிக்கச் சொல்கிறார். அந்தத் தாய் குறையற்றவர் அல்லர். அவரும் தடுமாறுகிறார், மகளைப் புண்படுத்துகிறார், அவர்களுக்கிடையே கடுமையான கசப்பு மூள்கிறது. ஆயினும் பள்ளியில் மாணவர் கூட்டம் தன்னைத் துரத்த, ஓர் அறைக்குள் ஒளிந்துகொள்ளும் நேரத்தில் மீரா தொலைபேசியில் அழைப்பது தன் தாயைத்தான்.

இந்த இடத்தில் வாசிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, உங்கள் மகள் அப்படியொரு நிலையில் யாரை அழைப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். படத்துக்காக அடி வாங்கிய பிள்ளை, தன் புகைப்படத்தை வைத்து ஒருவன் மிரட்டும்போது உங்களிடம் வரமாட்டாள். அந்த மிரட்டலுக்குப் பணிந்து நகையைக் கழற்றிக் கொடுத்த பிள்ளைகளையும், மாத்திரைகளை விழுங்கிய பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டால் அத்தனை பேரும் சொல்லும் பதில் ஒன்றே: "கொன்னுருவாங்க மேடம்." அது மிகைப்பேச்சு என்று நமக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

நான் உண்மையில் அஞ்சும் படங்கள் வேறு. பெண் மறுத்த பிறகும் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்து, பேருந்தில் வழிமறித்து, கையைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் அவளுடைய சம்மதத்தைப் பெற்றுவிடும் நாயகர்களின் படங்களைக் குடும்பமாக உட்கார்ந்து பண்டிகை நாளில் பார்க்கிறோம். அவற்றில் அந்தப் பெண்ணின் அச்சம் ஒரு காட்சியிலும் இடம்பெறுவதில்லை. 'அவன் என்னை எவ்வளவு விரும்பினால் இப்படி அலைவான்' என்று என் அறையில் சொன்ன பெண்ணுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தவை அந்தப் படங்கள். கதை பெண்ணின் கண்வழியே நகரும்போது அவளுடைய தயக்கமும், அருவருப்பும், ஆசையும், ஏமாற்றமும் தெரிகின்றன. தான் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைப் பார்க்கும் பிள்ளையும் தெரிந்துகொள்கிறாள். ஆண்பிள்ளை பெற்றவர்களே, உங்கள் மகன்களையும் பெண்ணின் கண்வழியே நகரும் இந்தப் படங்களின் முன் உட்கார வையுங்கள். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எழாதது உங்களுக்குப் பெருமையன்று.

எல்லாப் படத்தையும் எல்லா வயதிலும் பார்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. தணிக்கைச் சான்றிதழில் இப்போது 7, 13, 16 வயதுகளுக்குக் குறைந்தோர் பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்கத்தக்கவை என்று தனித்தனிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஓடிடி தளங்களிலும் இந்த வயதுக் குறிப்பு உண்டு. அதைப் படியுங்கள். முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், மகளின் வயதுக்கு ஏற்றது என்று தோன்றினால் அவளுடன் சேர்ந்து மறுபடி பாருங்கள். பார்க்கும்போது நடுநடுவே அறிவுரை சொல்லாதீர்கள், சங்கடமான காட்சி வந்ததும் எழுந்து அடுக்களைக்கு ஓடாதீர்கள். முடிந்த பிறகு, 'அந்தப் பிள்ளை அந்த நேரம் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமோ, என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் அன்றைக்கே வராது. இரண்டு நாள் கழித்துத் துணி மடிக்கும்போதோ, பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ வரும். அப்போது 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறைவடையாதவர் குழந்தை. பாலியல் உறவுக்கு அவர் தந்த சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகக் கொள்வதில்லை, அது காதல் என்றாலும் சரி. காதலிப்பதும் பேசுவதும் குற்றமல்ல. ஆனால் இந்த எல்லையை உங்கள் மகனும் மகளும் உங்கள் வாயால் கேட்டிருக்க வேண்டும், காவல் நிலையத்தில் கேட்கக் கூடாது. குற்றம் நடந்திருப்பதாக அறிய வந்தால் அதைத் தெரிவிக்கும் கடமை அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எனக்கும் உண்டு. ஆகவேதான் எந்தப் பிள்ளையிடமும் பேச்சைத் தொடங்கும் முன்பே, எதை நான் இரகசியமாக வைத்திருப்பேன், எதை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கூடுதலாக நம்புகிறார்கள் என்பது என் பணி எனக்குக் கற்றுத்தந்த ஒன்று.

மானம் காக்க என்று 18 வயதுக்கு முன் மகளுக்குத் திருமணம் செய்துவைப்பது, 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் தண்டனைக்கு உரிய குற்றம். நடத்திவைக்கும் பெற்றோரும் அதில் அடக்கம். மிரட்டல் என்று தெரிந்தால் பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். மனம் தாங்காத நிலையில் உங்களுக்கோ பிள்ளைக்கோ உதவி தேவைப்பட்டால் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் இரவிலும் பகலிலும் கட்டணமின்றிக் கிடைக்கும், தமிழில் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் கைபேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள். பள்ளியை நிறுத்துவதை மட்டும் எந்த நிலையிலும் தண்டனையாக வைக்காதீர்கள், உங்கள் காலில் விழுந்தும் இதைக் கேட்பேன். தோழியரும், ஆசிரியரும், எதிர்காலம் பற்றிய நினைப்பும் ஒருங்கே இருக்கும் இடம் அது. அதைப் பறித்துவிட்டால், அவளுக்கு ஆறுதல் சொல்ல எஞ்சுவது அந்தப் பையன் ஒருவன்தான்.

அன்று அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். நெடுநேரம் கழித்து, "அம்மா அந்தப் படத்த முழுசா பாக்கல மேடம், கடைசியில அவ அவன வேண்டாம்னு சொல்லிட்டுப் படிக்கப் போயிருவா" என்றாள். அந்தப் பையனிடம் தானும் அதைத்தான் சொல்ல நினைத்திருந்ததாகவும், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மறுபடி மறுபடி அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் பிறகு சொன்னாள். அவளுடைய அனுமதியுடன் தாயை உள்ளே அழைத்து, அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு டியூஷன் கட்டண ரசீது ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் படத்தின் பெயரை எழுதித் தருமாறு மகளிடம் நீட்டினார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போனாள். கைபேசியின் திரையை மாற்ற மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கொடுத்திருப்பதாக அந்த அம்மா தொலைபேசியில் தெரிவித்தார். படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தார்களாம், பாதியில் மின்சாரம் போய், மறுநாள் மிச்சத்தைப் பார்த்தார்களாம். மாப்பிள்ளைப் பேச்சு இன்னும் முழுமையாக நிற்கவில்லை. தந்தை விடுப்பில் வருவதற்கு முன் அவருடன் வீடியோ காலில் பேச ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு அந்த அம்மா கேட்டிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை, அவருக்கு விடுமுறை நாள் என்பதால், மாலை நேரத்தை வைத்திருக்கிறேன்.