கை தூக்க ஏலல என்றால், எந்த ஏலல?

எங்கள் குமரி மாவட்டத்தில் 'முடியாது' என்பதைவிட 'ஏலாது'தான் அதிகம் காதில் விழும். மேலுக்கு ஏலல, குனிய ஏலல, நடக்க ஏலல, கை தூக்க ஏலல. இயன்முறை சிகிச்சை செய்யும் எனக்கு ஒவ்வொரு நாளும் முதலில் கிடைக்கும் தகவல் இந்த ஒற்றைச் சொல்தான். ஆனால் அதற்குள் பல சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. வலி தாங்காமல் ஏலாமல் இருக்கலாம், பெலன் இல்லாமல் இருக்கலாம், மூட்டு இறுகிப்போயிருக்கலாம். ஒருமுறை விழுந்தவருக்கு மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயமே காலைக் கட்டிப்போட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

இதைப் பிரித்துச் சொல்ல பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணமே போதும். தன்வினை, பிறவினை. உருண்டான், உருட்டினான், அசைந்தது, அசைத்தேன். கை தானாக உயர்கிறதா? உயரவில்லை என்றால், இன்னொருவர் மெதுவாக உயர்த்தினால் உயர்கிறதா? நாங்கள் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை, பத்து வருடமாக சுகர். "கை தூக்க ஏலல சார், தலை சீவக்கூட மகதான் வேணும்" என்றார். நாலு மாதமாகத் தைலம் தேய்த்திருக்கிறார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை நான் மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் போனதும் துருப்பிடித்த கீல் மாதிரி நின்றுவிட்டது. அவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிவிட்டது. ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். சுகர் உள்ளவர்களுக்கு இது அதிகமாக வரும். தானாக விட ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். சுகரைக் கட்டுக்குள் வைத்து, வலியின் எல்லைக்குள் தினமும் பயிற்சி செய்தால் அன்றாட வேலைகளுக்குத் திரும்பலாம். வலிக்கிறதே என்று கையை மடியிலேயே வைத்திருந்தால் இறுக்கம் கூடும்.

இன்னொரு வீடு, குளச்சல் பக்கம் கடற்கரையில். அங்கேயும் அதே வார்த்தைதான்: "அப்பாக்கு கை ஏலல." காலையில் கட்டிலிலிருந்து எழும்பும்போது கவனித்திருக்கிறார்கள். மகன் கையைத் தூக்கினால் தடையில்லாமல் உயர்ந்தது. விட்டால் தொப்பென்று விழுந்தது. படுத்த வாக்கில் நரம்பு பிடித்திருக்கும் என்று தேய்த்துவிட்டு, வர்ம வைத்தியம் செய்யும் ஆசானை அழைத்து வந்து, மதியத்துக்கு மேல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது பக்கவாதம். நான் அவரைப் பார்த்தது மூன்று வாரம் கழித்து.

வர்ம ஆசான்களை நான் குறை சொல்லவில்லை. இந்த மண்ணின் வைத்தியம் அது. ஆனால் நேற்று வரை நன்றாக இருந்த கை திடீரென்று, ஒரு பக்கம் மட்டும், பெலன் இழந்தால் முதலில் போக வேண்டியது சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்கிறதா? வாய் கோணுகிறதா, பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். ஸ்பூனில் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்தவரின் கையையோ காலையோ இப்படித் தூக்கிப் பார்க்கக் கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். அப்புறம், 'வாதம்' என்ற சொல்லும் இதே குழப்பத்தைச் செய்கிறது. பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாயில் வருவது, முகவாதம் பெரும்பாலும் முக நரம்பில், முடக்குவாதம் மூட்டுகளில். ஒருவருக்குக் கேட்ட மருந்தை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

குளச்சல் வீட்டுக்கு வருகிறேன். "இன்னைக்கு என்னவெல்லாம் செய்தார்?" என்று கேட்டால் மகன் பெருமையாகச் சொல்வார்: "எழுப்பினோம், உட்கார வெச்சோம், ஊட்டினோம், நடத்தினோம்." எல்லாம் பிறவினை. அன்பில் செய்வதுதான், தெரியும். ஆனால் மூளை மறுபடி பழகுவதற்கு அவரே செய்ய முயல வேண்டும். இன்னொன்று, எழுப்பும்போது ஏலாத கையைப் பிடித்து இழுத்தார்கள். தசை தளர்ந்த தோள் அப்படி இழுத்தால் இடம் விலகிவிடும். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் அப்படித்தான்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்: முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, நல்ல கையை ஊன்றி எழும்ப வேண்டும். மகனுக்கு வேலை, பக்கத்தில் நிற்பதும் இடுப்பில் லேசாகக் கை வைப்பதும் மட்டும். முதல் நாள் பாதியிலேயே சாய்ந்துவிட்டார். மகனின் கை தானாக நீண்டது. "கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

ஒன்பதாம் நாள் காலையில் போன் வந்தது. "சார், அப்பா எழும்புனாவ."