மெதுவாகிவிட்ட டிஸ்க்கை உடனே குளோன் செய்யாதீர்கள்

“ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தா சரியா இருக்கும் சார். புதுசே வாங்கிடலாமா?” கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டுவேன். பிராசஸர் சும்மா இருக்கும், ராம் பாதி காலியாக இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். கேபினெட்டின் முன்பக்கச் சின்ன விளக்கு அணையவே அணையாது. அப்படியானால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டாலே போதும்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். தகவலைப் படிக்கும் ஹெட் சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் சுழன்று அதன் கீழே வர வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு ஃபைல்களை இப்படி விநாடிக்குச் சுமார் 100 முறைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழும்போதோ ஆயிரக்கணக்கில் கேட்கும். சாட்டா கேபிளில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டி இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். அட்டைப்பெட்டியில் விநாடிக்கு 550 எம்பி, 3500 எம்பி என்று இருப்பதெல்லாம் பெரிய வீடியோக்களை நகலெடுக்கும்போதுதான் தெரியும். பழைய மதர்போர்டுக்கு, இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகையான என்விஎம்இதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பல பழைய போர்டுகளில் அதிலிருந்து விண்டோஸ் எழவே எழாது.

இனி என் தவறு. தொழிலுக்கு வந்த புதிதில், மெதுவாக இருந்த ஒரு டிஸ்க்கை எதையும் பார்க்காமல் குளோனில் போட்டேன், அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுக்க. பாதி தாண்டியதும் நின்றது. டிக்... டிக்... என்று ஒரே சத்தம். அதன்பின் அந்த டிஸ்க்கை, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ்கூட அடையாளம் காணவில்லை. உள்ளே ஒரு குடும்பத்தின் பல வருடப் படங்கள். டிஸ்க் மெதுவானது வயதால் அல்ல, நோயால். குளோன் என்பது அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விடாமல் படிக்கவைப்பது. சாகக் கிடப்பவரை ஓடச் சொன்னதுபோல.

இப்போது கை வைக்கும் முன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்க்கிறேன். குறிப்பாக 05, சி5 என்ற இரண்டு வரிகள். முன்னது பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (தகவல் எழுதப்படும் சிறு பகுதிகள்), பின்னது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்ஜியமென்றால் குளோன் செய்யலாம். எண் ஏறியிருந்தால் படங்கள், கணக்கு ஃபைல்களை மட்டும் முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகவே போடுகிறேன். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீ எங்கே இருக்கிறது என்று முன்பே கேட்டுவிடுங்கள். குளோன் முடிந்து முதல்முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் குழப்பம் வரும்.

எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் தெரியாமல் அழித்ததை மென்பொருள் வைத்துப் பல நேரம் மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால், டிரிம் கட்டளை போய் அந்த இடத்தையே துடைத்துவிடும். “சாஃப்ட்வேர் போட்டு எடுங்க” என்று வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். எஸ்எஸ்டி சாகும்போது டிக் டிக் என்று முன்னறிவிப்பும் கிடையாது. நேற்றுவரை ஓடியது இன்று காணாமல் போகும். பேக்கப் இனி இன்னும் அவசியம்.

கழற்றிய பழைய டிஸ்க்கை நான் ஃபார்மட் செய்வதில்லை. மேலே தேதி எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன், ஒரு மாதம் தொடாதீர்கள் என்று. அதற்குள் யாராவது ஒருவர் நிச்சயம் கூப்பிடுவார்: “சார், அந்தப் பழைய மெயில் ஃபோல்டர் எங்க இருந்துச்சு?”