கூழ் இறங்கும், தண்ணீர் சறுக்கும்

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியவருக்கு முதலில் என்ன கொடுப்பது? வேலூர், குடியாத்தம் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் "ரெண்டு வாய் தண்ணி குடுங்க, தொண்ட காஞ்சிருக்கும்" என்பார்கள். சோறு கஷ்டம், தண்ணீர் சுலபம் என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். மூளை பாதிக்கப்பட்டவரின் தொண்டைக்குப் பெரும்பாலும் இது தலைகீழ். அவருக்குக் கொடுப்பதிலேயே அதிகம் பயப்பட வேண்டியது வெறும் தண்ணீருக்குத்தான்.

ஏன் என்று புரிய, விழுங்கும்போது உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். மெல்லுவதும், மென்றதை நாக்கு திரட்டிப் பின்னால் தள்ளுவதும் நம் விருப்பப்படி நடக்கிறவை. உணவு தொண்டையைத் தொட்டதும் மூளையின் அடித்தண்டில் உள்ள முகுளம் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். மூக்குக்குள் ஏறாமல் இருக்க அண்ணத்தின் மென்மையான பின்பகுதி மேலே எழும்புகிறது. குரல்வளை மேலும் முன்னும் நகர்கிறது. கழுத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கினால் அது ஏறி இறங்குவது தெரியும். குரல்வளையின் மேலுள்ள மூடி மடிந்து அதை மறைக்கிறது, குரல் நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது. எப்போதும் இறுக்கிப் பிடித்தே இருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய்த் தசை அந்த நேரத்தில் மட்டும் தளர்ந்து வழிவிடுகிறது. சுமார் 30 ஜோடித் தசைகளும், மூளையிலிருந்து நேரடியாக வரும் 12 ஜோடி நரம்புகளில் 5 ஜோடியும் சேர்ந்து செய்யும் இந்த வேலை ஏறக்குறைய ஒரே வினாடியில் முடிந்துவிடும்.

மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். இரண்டுக்கும் தொண்டைதான் பொது வழி. பக்கவாதத்தில் மூளையின் கட்டளை சற்றுத் தாமதமானால் போதும், தண்ணீர் காத்திருக்காது. குரல்வளை மூடும் முன்பே வழிந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கெட்டியான கூழ் சிதறாமல் மெதுவாக இறங்கும். தாமதமான தொண்டைக்கு வேண்டிய அவகாசம் அதில் கிடைக்கிறது.

புரை ஏறி இருமினால் நாம் பதறுகிறோம். உண்மையில் இருமல் வந்தால் காவல் வேலை செய்கிறது என்று அர்த்தம். தொண்டையில் உணர்ச்சி மங்கியவருக்கு இருமலே வராது. தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். குடித்த பிறகு குரல் களகளவென்று ஈரமாக மாறுவது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சலும் சளியும் வருவது, இவைதான் அடையாளம். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆகவே விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை மாத்திரைகூட வாய்வழி கொடுக்கக் கூடாது.

சோதனை இரண்டு விதம். பேரியம் கலந்த நீரையும் இட்லியையும் விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் வீடியோவாகப் பார்ப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கித் தொண்டையை மேலிருந்து பார்ப்பது இன்னொன்று. எந்தப் பதம் பாதுகாப்பானது, தலையை எப்படி வைத்தால் சரியாக இறங்குகிறது என்பதை, பேசவும் விழுங்கவும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் அங்கேயே முயன்று பார்ப்பார்.

பதத்துக்கு உலக அளவில் 0 முதல் 7 வரை ஒரு தர வரிசை இருக்கிறது. பானங்களை அளக்க 10 மி.லி. சிரிஞ்ச் போதும், ஆனால் அதன் 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். உள்தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மி.லி. ஊற்றி, 10 வினாடி ஒழுகவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். 1 மி.லி.க்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்ப் பதம். 4 முதல் 8 வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை. ஒரு சொட்டும் இறங்காவிட்டால் நான்காம் நிலை, அதற்குக் கரண்டிதான் வேண்டும்.

சரி, நம்மிடம்தான் கேழ்வரகுக் கூழ் இருக்கிறதே, அதையே கொடுக்கலாமா? இங்கேதான் கவனம் வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழில் நொய் இருக்கும், மோர் கலந்திருக்கும், சின்ன வெங்காயம் மிதக்கும். நீரும் திப்பியும் கலந்த இந்தப் பதம் பலவீனமான தொண்டைக்குத் தண்ணீரைவிடவும் சிக்கல்: நீர் முன்னால் ஓடிவிடும், நொய் பின்னால் தங்கிவிடும். களி இன்னும் மோசம். ஆரோக்கியமானவர் களியை உருட்டி, கருவாட்டுக் குழம்பில் தோய்த்து, மெல்லாமலே உள்ளே தள்ளிவிடுவார். அந்த ஒட்டும் உருண்டையை நோயாளிக்குக் கொடுப்பது விஷப்பரீட்சை. நொய் சேர்க்காமல், கட்டி தட்டாமல் காய்ச்சி, வடிகட்டிய கூழ் சரியாக இருக்கும். ஆனால் மாவுச்சத்தை எச்சிலில் உள்ள நொதி உடைத்துவிடும். எச்சில் பட்ட கரண்டியை கிண்ணத்தில் விட்டு விட்டு எடுத்தால், அரை மணி நேரத்தில் கூழ் நீர்த்துப்போயிருக்கும். பானத்தைக் கெட்டியாக்கக் கடையில் விற்கும் பவுடர்களில் சாந்தன் கம் என்ற பிசின் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் இடிக்கும்.

கெட்டியான தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிக்க மாட்டார்கள் என்பது இன்னொரு பிரச்சினை. வேலூர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. நுரையீரலைக் காப்பாற்றப்போய் உடம்பில் நீர் வற்றி ஆளைப் படுக்கவைத்துவிடக் கூடாது. என்னைக் கேட்டால், நாள் முழுக்க எவ்வளவு உள்ளே போனது, சிறுநீர் மஞ்சளாகிறதா என்று பார்ப்பது, பதம் பார்ப்பதற்குச் சமமான வேலை.

அப்புறம் பயிற்சி. வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்தவர். நடக்கப் பழக்குவதுபோல விழுங்கவும் பழக்கலாம். ஒரு பக்கத் தொண்டை பலவீனமென்றால் முகத்தை அந்தப் பக்கமே திருப்பி விழுங்கச் சொல்வார்கள். பழுதான பாதை அடைபட்டு உணவு நல்ல பக்கமாக இறங்கும். மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்ப்பது இன்னொன்று. தூக்கியபடியே ஒரு நிமிடம் வீதம் மூன்று முறை, பிறகு 30 முறை தூக்கி இறக்க வேண்டும். குரல்வளையை மேலிழுக்கும் தசைகளுக்கு வலு சேர்த்து, உணவுக்குழாயின் வாயை அகலத் திறக்கவைக்க இது. கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் செய்யக் கூடாது.

விழுங்கத் தொடங்கும்போதே சிக்காமல், இறங்கியது நெஞ்சில் நிற்கிறது என்றால் அது வேறு கதை, உணவுக்குழாயின் கதை. முதலில் சோறு, பிறகு இட்லி, கடைசியில் கஞ்சியும் நிற்கிறது, உடம்பும் இளைக்கிறது என்றால் புற்றுநோயாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு உணவுக்குழாயின் மேல் முனையில் மெல்லிய சவ்வு வளர்ந்து அடைப்பதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையும், குழாயை விரிக்கும் சிறு சிகிச்சையும் பெரும்பாலும் போதும்.

வாயால் சாப்பிடவே முடியாதவருக்கு மூக்கு வழியாக வயிறு வரை போகும் ரைல்ஸ் டியூப் என்ற உணவுக் குழாய். பல வாரங்கள் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பார்கள். டியூப் போட்டாயிற்று, இனி வாய்க்கு வேலையில்லை என்று பல்துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். எச்சில் அப்போதும் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அழுக்கான வாயின் எச்சில் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். தினம் இரண்டு வேளை பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்வதும், டியூபில் ஊற்றிய பிறகு அரை மணி நேரமாவது நிமிர்த்தி உட்காரவைப்பதும் காசில்லாமல் கிடைக்கும் மருந்து.