கோல் கம்பத்தில் கட்டிய எலுமிச்சம்பழம்

டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் பக்கத்துப் பிள்ளைகள் ஆடும் சின்னக் கால்பந்து அணி ஒன்றுக்கு அவர்தான் செயலாளர். ஐந்து ஆட்டமாக வெற்றி இல்லை. மூன்றில் தோல்வி, இரண்டு சமம். கடைசியாகத் தோற்ற அன்று சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் இறைச்சி வாட்டும் பிராய் அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்களாம். பயிற்சியாளரை உடனே மாற்று என்கிறது ஒரு கட்சி. பருவத்தின் தொடக்கத்தில் பையன்கள் வெளுத்து வாங்கியபோது ஊரே வாய் ஓயாமல் புகழ்ந்தது, கண் பட்டுவிட்டது, கழித்துப் போட வேண்டும் என்கிறது இன்னொரு கட்சி. ஓர் ஆயா கோல் கம்பத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியே விட்டார். "நீங்கள் கணக்கு வாத்தியார், எது சரி என்று நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

இந்தக் கேள்வி என்னை நேரே 2010 ஜூன் 16க்குக் கொண்டுபோய்விட்டது. அன்று டர்பன் மோசஸ் மபிதா அரங்கில் உலகக் கோப்பை ஆட்டத்தில் ஸ்பெயினும் சுவிட்சர்லாந்தும் ஆடின. நான் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். பந்து முழு நேரமும் ஸ்பெயின்காரர்கள் காலில்தான். ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். சாபி அலோன்சோ அடித்தது மேல்கம்பத்தில் மோதித் திரும்பியது. 52ஆவது நிமிடத்தில் கோல் முன்னால் நடந்த ஒரு தடுமாற்றத்தில் கெல்சன் ஃபெர்னாண்டஸ் பந்தை உள்ளே தள்ளினார். சுவிட்சர்லாந்து 1, ஸ்பெயின் 0. வெளியே வரும்போது என் பக்கத்தில் நடந்தவர்கள் எல்லோரும் ஸ்பெயின் கதை முடிந்தது என்றார்கள். அன்றிரவே பிரிட்டோரியாவில் நம் தென்னாப்பிரிக்க அணி பஃபானா பஃபானா உருகுவேயிடம் 0-3 என்று தோற்றதால், அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நடுராத்திரிவரை ஓடியது. அதே ஸ்பெயின் மூன்று வாரம் கழித்து அதே டர்பன் அரங்கில் ஜெர்மனியை வென்று, பிறகு கோப்பையையும் தூக்கியது. முதல் ஆட்டத்தில் தோற்ற ஓர் அணி உலகக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

கால்பந்தில் கோல் அரிது. 2010 உலகக் கோப்பையின் 64 ஆட்டங்களில் மொத்தம் 145 கோல்கள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டேகால். கோலை நோக்கி அடிக்கும் பந்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் உள்ளே போகும். முயற்சி பல, ஒவ்வொன்றிலும் வாய்ப்பு சிறிது. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் 1837இல் எழுதியது. 1898இல் போர்ட்கீவிச் என்ற பொருளியல் அறிஞர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் பதிவேடுகளில் அதைப் பொருத்திப் பார்த்தார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். யாரும் சாகாதவை 109. ஒருவர் இறந்தவை 65. இருவர் இறந்தவை 22. சூத்திரம் சொன்னது 109, 66, 20. எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பதிவுகளில் எத்தனை சாவு இருக்கும் என்பதைத் தாளில் போட்டுக் காட்டலாம். கோலும் அப்படித்தான்.

ஆட்டத்துக்குச் சராசரியாக 1.6 கோல் போடக்கூடிய அணி ஒன்றும் 1 கோல் போடக்கூடிய அணி ஒன்றும் மோதுகின்றன என்று வையுங்கள். வலிமையில் நல்ல வித்தியாசம். சூத்திரத்தில் போட்டால் பெரிய அணி வெல்வது நூற்றுக்கு 51 தடவை, சமம் 25, தோற்பது 24. நாலில் ஒரு ஆட்டம் சின்ன அணிக்கே! கூடைப்பந்தில் ஐம்பது அறுபது தடவை பந்து கூடையில் விழுவதால் அதிர்ஷ்டம் கழிந்துபோய்த் திறமை மேலே வந்துவிடும். கால்பந்தில் ஓர் ஆட்டத்துக்குள் அது நடக்காது.

அதே பெரிய அணி ஒரு பருவத்தில் 30 ஆட்டம் ஆடினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து நான்கு ஆட்டம் வெல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு? உட்கார்ந்து போட்டேன். பத்துப் பருவங்களில் ஆறில் அப்படி நடக்கும். ஐந்து ஆட்டமென்றால் மூன்று பருவத்துக்கு ஒன்றில். யாருக்கும் காயம் இல்லை, யாரோடும் சண்டை இல்லை, பயிற்சியாளர் அதே ஆள். ஆனாலும் ஐந்து ஆட்டம் வெற்றி கிடைக்காது.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் ஒரு சோதனை செய்கிறேன். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கொரு பகடை. ஐந்து தடவை உருட்டிக் கூட்டச் சொல்வேன். நடுவான கூட்டு 17 அல்லது 18. சிலருக்கு 24, 25 வரும். சிலர் பாவம், பத்து பதினொன்றில் நிற்பார்கள். கடைசியில் நிற்கும் ஆறு பேரை முன்னால் அழைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து மறுபடி உருட்டச் சொல்வேன். ஏறக்குறைய எல்லோருக்கும் கூடிவிடும். பதினொன்று வாங்கிய பிள்ளை பதினெட்டு வாங்கியதும் வகுப்பே கைதட்டும். அந்த வாண்டுகளின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பழத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அடுத்து, முதலில் 24, 25 வாங்கியவர்களை அழைத்து, "ஆகா, உன்னைப்போல் உண்டா" என்று வாய் நிறையப் புகழ்ந்து மறுபடி உருட்டச் சொல்வேன். இறங்கிவிடும். ஒருவர் தப்ப மாட்டார்.

பகடைக்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை. முதல் சுற்றில் கீழே இருந்தவர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம், அந்தச் சுற்றில் அவர்களுக்கு விழுந்த கெட்ட அதிர்ஷ்டம். நாம் தேடிப் பொறுக்கி எடுத்ததே அதைத்தான். அந்த அதிர்ஷ்டம் அடுத்த சுற்றுக்குத் தொடர்ந்து வராது. வர அதற்குக் கால் இல்லை. ஆகவே அடுத்த எண் நடுப்பக்கம் வருகிறது. மேலே நின்றவர்களுக்கும் இதே கதை. சராசரிக்குத் திரும்புதல் என்று இதற்குப் பெயர். ஃபிரான்சிஸ் கால்டன் 1886இல் 928 பேரின் உயரத்தையும் அவர்கள் பெற்றோரின் உயரத்தையும் அடுக்கிப் பார்த்து இதை எழுதினார். நெட்டையான பெற்றோருக்குப் பிறந்தவர்கள் ஊர்ச் சராசரியைவிட உயரம்தான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். இரண்டாம் சுற்றில் மிகக் குறைவாக வாங்கியவர்களைப் பொறுக்கி, அவர்கள் முதல் சுற்றில் என்ன வாங்கினார்கள் என்று பாருங்கள். அங்கேயும் நடுவான எண்ணே இருக்கும்! பின்னால் நடந்தது முன்னால் நடந்ததை இழுத்திருக்க முடியுமா? முடியாது. கால்டன் கணக்கிலும் மிக நெட்டையான பிள்ளைகளை எடுத்தால் அவர்களின் பெற்றோர் அவர்களைவிடச் சராசரிக்குப் பக்கத்தில்தான் இருப்பார்கள். காலத்தில் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே மாதிரி நடக்கிற ஒன்றுக்கு, இடையில் யாரும் எதுவும் செய்திருக்கத் தேவையில்லை. முப்பது ஆண்டாகச் சொல்லித் தருகிறேன், இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இப்போது பிராய் அடுப்புக்குத் திரும்புவோம். நம் பெரியவர்கள் சொல்லும் கண்ணேறு என்ன? ஒருவன் ஓகோவென்று இருக்கும்போது ஊர் புகழ்கிறது, உடனே இறங்குகிறான். எலுமிச்சம்பழம் எப்போது கட்டுகிறோம்? எல்லாம் அடிமட்டத்தில் கிடக்கும்போது. கட்டியபின் ஏறுகிறது. அவர்கள் கண்டது முழுக்க உண்மை. புகழுக்குப் பின் இறக்கமும் பரிகாரத்துக்குப் பின் ஏற்றமும் மறுபடி மறுபடி நடப்பவைதான். தலைமுறை தலைமுறையாகக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். காரணத்தைத்தான் தவறான இடத்தில் வைத்தார்கள். என் அம்மா ஒவ்வோர் ஆடியிலும் மாரியம்மன் கோயிலில் கஞ்சி ஊற்றியவர். அந்த வரிசையில் நானும் சொம்பு பிடித்து நின்றிருக்கிறேன். அவர் பக்தியை நான் தொட மாட்டேன். ஆனால் ஒரு பையனின் ஆட்டம் கண்பட்டுத்தான் போனது என்று சொல்லி, அந்தக் கண்ணுக்கு உரியவள் என்று அக்கம்பக்கத்து விதவை ஒருத்தியைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

பயிற்சியாளரை மாற்றச் சொல்லும் கட்சி தன்னைப் பகுத்தறிவுக் கட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கும். அவர்கள் கட்டுவதும் எலுமிச்சம்பழம்தான். பயிற்சியாளரை எப்போது நீக்குகிறார்கள்? நாலைந்து தோல்விக்குப் பிறகு, அதாவது பகடையின் கடைசி ஆறு பேர் நிலையில். புது ஆள் வந்ததும் ஏறுகிறது. ஏறியது அவராலா, தானாகவா? என் வகுப்பில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆறு பேரில் மூவருக்கு மட்டும் பழம். மூவர் வெறுங்கையோடு உருட்டுவார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றுபோல ஏறும். பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர் இதையே பெரிதாகச் செய்தார். 1986 முதல் 2004 வரை அந்நாட்டு முதல்நிலைக் கால்பந்துப் போட்டிகளை எடுத்து, சரிவு வந்ததும் பயிற்சியாளரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காத அணிகளோடு ஒப்பிட்டார். நீக்கியதால் தனிப் பலன் ஏதும் தெரியவில்லை.

இப்படி ஓர் ஆராய்ச்சியை அங்கே செய்ய முடிந்ததற்குக் காரணம், அவர்களிடம் பதிவுகள் இருந்தன. டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் தான் பார்த்த ஒவ்வோர் ஆட்டத்தையும் என் பெரியப்பா நோட்டில் எழுதி வைத்தார். தேதி, கோல், அடித்தவர் பெயர், அன்றைய மழைகூட. நிறவெறிக் காலத்து நம் கால்பந்தின் வரலாறு இப்படி எத்தனை வீட்டு அலமாரிகளில் கிடக்கிறதோ. ஆராய்ச்சிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்த நோட்டுகளைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்றச் செலவழித்தால், நம் ஊர்ப் பிள்ளைகள் நிகழ்தகவைப் பைக்குள் போட்ட வண்ணப் பந்துகளால் படிக்க வேண்டியதில்லை. தங்கள் தாத்தாக்களின் கோல்களை வைத்தே படிப்பார்கள்.

அப்படியானால் எல்லாச் சரிவும் அதிர்ஷ்டமா? இல்லவே இல்லை. ஓர் அணி திரும்புவது அதன் சொந்தச் சராசரிக்கு. அந்தச் சராசரியே இறங்கியிருந்தால் காத்திருந்து பயனில்லை. 2023-24 பருவத்தில் தென்னாப்பிரிக்காவின் பெரிய அணியான கைசர் சீஃப்ஸ் பத்தாம் இடத்தில் முடிந்தது. முப்பது ஆட்டம் ஆடிய பிறகு அவ்வளவு கீழே இருப்பதற்கு அதிர்ஷ்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1996-97இல் எங்கள் சாட்ஸ்வொர்த் மேனிங் ரேஞ்சர்ஸ் அணி, நாட்டின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் வாகையைச் சூடியதும் அப்படியே, முழுப் பருவம் ஆடிப் பெற்ற இடம்.

ஐந்தே ஆட்டத்தில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் கோலைப் பார்க்காதீர்கள், அடித்த பந்துகளைப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் கோல் இரண்டு மூன்றுதான் இருக்கும். கோலை நோக்கி அடித்தவை இருபதுக்கு மேல் இருக்கும். எண்ணிக்கை கூடக்கூட அதிர்ஷ்டத்தின் கை தளரும். அந்த வாசகருக்கு இதைத்தான் முதலில் எழுதினேன். அவர் பழைய தொலைபேசிக் காணொளிகளை மகளோடு உட்கார்ந்து பார்த்து எண்ணி அனுப்பினார். ஐந்து ஆட்டத்தில் இவர்கள் அடித்தது 58, எதிரணிகள் 49. ஆடத் தெரியாமல் போன அணி அடிக்கிற எண்ணிக்கை இது அல்ல. குழு கூடுவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள் என்றேன்.

எலுமிச்சம்பழத்தை அவிழ்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அது ஒரு பக்கக் கம்பத்தில்தான் தொங்குகிறது; இடைவேளையில் அணிகள் பக்கம் மாறுகின்றன. பாதி நேரம் அந்தப் பழம் இவர்கள் கோலைக் காக்கிறது, பாதி நேரம் எதிரணி கோலை. எந்தப் பக்கத்தில் எத்தனை விழுந்தது என்று மகள் எழுதிக்கொண்டு வருகிறாள். இதுவரை பழமிருக்கும் பக்கம் நான்கு, இல்லாத பக்கம் மூன்று. இன்னும் நிறைய ஆட்டம் வேண்டும்.