மனம் புண்பட்டது என்பதே குற்றமாகிவிடாது: 299ஆம் பிரிவைப் பற்றிக் கொஞ்சம்

மதம் தொடர்பான ஒரு மீமையோ வீடியோவையோ பகிர்ந்ததற்காகக் காவல் நிலையத்திலிருந்து போன் வருகிறது. போகிறவர் பதற்றத்தில், அங்கே சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்: "மற்ற மதத்தினர் மனம் புண்படும் என்று தெரிந்தும் பதிவு போட்டது தவறுதான், மன்னிக்க வேண்டுகிறேன்." அதற்கப்புறம்தான் வக்கீலைத் தேடுகிறார். அப்படி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். "தெரிந்தும்" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அரசுத் தரப்பு நிரூபிக்கச் சிரமப்பட வேண்டும். அதை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இந்தியாவில் "மத நிந்தனைச் சட்டம்" என்ற பெயரில் எதுவும் கிடையாது. இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு. 2024 ஜூலை 1க்கு முன்பு வரை இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த சம்பவத்துக்கு இன்றைக்கும் பழைய பிரிவுதான் பொருந்தும். அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். "ஜாமீனில் விட முடியாத குற்றம்" என்று தாளில் இருப்பதைப் பார்த்து அழுகிறார்கள். ஜாமீன் உங்கள் உரிமையாகத் தானாகக் கிடைக்காது, நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஜாமீனே கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எல்லோரும் இடறி விழும் இடத்துக்கு வருகிறேன். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை.

ஒரு சராசரி புகார் மனுவை எடுத்துப் பாருங்கள். "மேற்படி நபரின் பதிவு என் மனதையும் என் மதத்தைச் சேர்ந்தவர்களின் மனதையும் மிகவும் புண்படுத்தியது" என்று இருக்கும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், எந்த நோக்கத்தில் அதைப் போட்டார், அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதினார், யாரைத் தூண்டினார் என்று ஒரு வரிகூட இருக்காது. 299ஆம் பிரிவோ புண்பட்டவரின் மனதிலிருந்து தொடங்கவே இல்லை. "வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்" என்றுதான் அது தொடங்குகிறது. வேண்டுமென்றே என்பது ஒன்று, தீய நோக்கம் என்பது வேறொன்று. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். அதற்கு மேல், குடிமக்களில் ஒரு பிரிவினரின் மதத்தையோ மத நம்பிக்கையையோ அவமதித்திருக்க வேண்டும், அல்லது அவமதிக்க முயன்றிருக்க வேண்டும். நான்கு பேர் மனம் புண்பட்டது உண்மையாகவே இருக்கலாம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வருத்தம் மட்டும் இந்தக் குற்றத்தை உருவாக்கிவிடாது.

இந்தச் சொற்கள் தற்செயலாக வந்தவை அல்ல. 1920களில் லாகூரில் நபிகள் நாயகத்தின் தனி வாழ்க்கையைத் தாக்கி ஒரு சிறுநூல் வந்தது. பதிப்பாளர்மீது, பிரிவினருக்கிடையே பகையை வளர்ப்பது பற்றிய 153ஏ பிரிவில் வழக்கு. 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம், இது இந்தப் பிரிவுக்குள் வராது என்று அவரை விடுவித்தது. கொந்தளிப்பு எழுந்தது. அதே ஆண்டு மத்தியச் சட்டசபையில் 295ஏ வந்தது. மசோதாவைப் பரிசீலித்த தேர்வுக்குழு அப்போதே கவலைப்பட்டது: சமூகச் சீர்திருத்தத்துக்காக, கேட்பவர்களை உலுக்க வேண்டும் என்று கடுமையாக எழுதுகிறவர் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. ஜின்னாவும் விவாதத்தில் அதைத்தான் வலியுறுத்தினார். வரலாற்று ஆய்வு செய்கிறவருக்கும் நேர்மையாக மதத்தை விமர்சிக்கிறவருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றார். "வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்" என்ற தடுப்பு அந்தக் கவலைக்கான பதில். சட்டம் வந்தும் அந்தப் பதிப்பாளரின் உயிர் தப்பவில்லை. 1929இல் கொல்லப்பட்டார். அப்போது தண்டனை 2 ஆண்டு. 1961இல் 3 ஆக்கினார்கள்.

அரசியலமைப்பு வந்தபின் இந்தப் பிரிவு செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. இதில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. ரமேஷ் தாப்பரின் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று அரசு தடை போட்டது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் அரசியலமைப்பின் அன்றைய 19(2)இல் "பொது ஒழுங்கு" என்ற காரணமே இல்லை என்பதுதான் அடிப்படை. அடுத்த ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து "பொது ஒழுங்கு" உள்ளே நுழைந்தது. கூடவே, கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லும் வந்தது. இன்று 19(2)ஐ வரிசையாகப் படித்துப் பாருங்கள்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். "மத உணர்வு" அந்தப் பட்டியலில் இல்லை. 295ஏ உயிரோடு இருப்பது பொது ஒழுங்கு என்ற ஒற்றைக் காலை ஊன்றித்தான்.

1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதைச் சொல்லித்தான் பிரிவைக் காப்பாற்றினார்கள். தெரியாமல், கவனக்குறைவாக, தீய நோக்கமின்றி நடக்கும் அவமதிப்பு இதில் வராது; தீவிர வடிவிலான அவமதிப்பு மட்டுமே வரும் என்றார்கள். அறுபது வருடம் கழித்து, 2017இல், தோனியை விஷ்ணுவாக வரைந்த ஒரு பத்திரிகை அட்டைக்காக ஆந்திராவில் போட்ட வழக்கை ரத்து செய்தபோதும் உச்ச நீதிமன்றம் இதே வரையறையைத்தான் திரும்பச் சொன்னது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் இன்னொன்றும் சொன்னது: பேச்சின் விளைவைத் திடமான, துணிவுள்ள, நியாயமான மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும், எதைக் கேட்டாலும் ஆடிப்போகிறவரின் கண்ணால் அல்ல. இந்தத் தீர்ப்பை போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வழிபாட்டிடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்துவது பழைய 295, இப்போது 298. மத உணர்வைப் புண்படுத்த ஒருவர் காதுபடப் பேசுவது பழைய 298, இப்போது 302. அதில் நீதிமன்ற உத்தரவின்றி எஃப்ஐஆர் போட முடியாது, ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். "298" என்று யாராவது சொன்னால் எந்தச் சட்டத்தின் 298 என்று கேளுங்கள். பூஜையில் வைத்த சிலை மட்டும்தான் புனிதப் பொருள் என்ற நினைப்பும் தவறு. 1953இல் திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்த வழக்கில், களிமண் பொம்மைதானே என்று கீழே உள்ள நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆண்டுகள் ஓடிவிட்டதால் வழக்கை மீண்டும் திறக்க மட்டும் மறுத்தது.

போன் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முதலில், எழுத்தில் கேளுங்கள். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தில் கைது தேவையில்லை என்றால் பிஎன்எஸ்எஸ் எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)இன்படி நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள். ஒழுங்காக ஆஜராகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் காவல்துறை காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ஆஜராகாமல் ஓடினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே தூக்கி எறிகிறீர்கள்.

புகாரைப் பெற்றதற்கான ரசீதான சிஎஸ்ஆர் மட்டும்தானா, எஃப்ஐஆரே போட்டுவிட்டார்களா என்று விசாரியுங்கள். எஃப்ஐஆர் போடுவதற்கு முன் டிஎஸ்பியின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த பிஎன்எஸ்எஸ் 173(3) இடம் கொடுக்கிறது. மேலே சொன்ன இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பு, பேச்சு தொடர்பான இந்த வகைப் புகார்களில் அதைச் செய்வதே பொருத்தம் என்கிறது. உங்கள் வக்கீல் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

பதிவை என்ன செய்வது? லிங்க், தேதி, நேரம், மேலும் கீழும் உள்ள கமெண்ட்கள் எல்லாம் தெரியும்படி முழுசாகப் பதிவு செய்துகொண்டு, பிறகு பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள். பல வழக்குகளில் எதிரியைக் காப்பாற்றுவதே அந்த முன்பின் உரையாடல்தான், தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்யவே கூடாது. சாட்சியத்தை மறைத்ததாக நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். போனைக் கைப்பற்றினால் மகசர் (கைப்பற்றியதற்கான பதிவு) நகல் கேளுங்கள். அந்த நடவடிக்கையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 105ஆம் பிரிவு சொல்கிறது.

மன்னிப்புக் கடிதம் வேண்டாம். வேண்டவே வேண்டாம். விசாரணையில் காவல்துறையிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பது பிஎன்எஸ்எஸ் 181ஆம் பிரிவு. காவலரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்பதும் உண்மைதான். ஆனால் அந்தத் தாள் கேஸ் கட்டில் இருக்கும், முன் ஜாமீனை எதிர்க்கும்போது வாசிக்கப்படும், போட்டோவாக ஊர் முழுக்கச் சுற்றும். வருத்தம் தெரிவிக்க விரும்பினால் வக்கீலிடம் காட்டிவிட்டு, "யாரையும் அவமதிக்கும் நோக்கம் எனக்கு இருந்ததில்லை" என்று தொடங்குங்கள். "சமாதானக் கூட்டம்" என்று கூப்பிட்டாலும் இதே எச்சரிக்கைதான். நாமக்கல்லில் 2015 ஜனவரியில் ஓர் எழுத்தாளரிடம் அப்படி வாங்கிய ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வர ஒன்றரை வருடம் ஆனது. குரூப் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை எதிரியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது. அதனால் அட்மின்கள் பீதியில் குரூப்பைக் கலைத்துவிட்டு ஓடாதீர்கள்.

புகார் கொடுக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே கலவரத்தைத் தூண்டும் பதிவுகள் உண்டு, அவற்றின்மேல் நடவடிக்கை வேண்டும். ஆனால் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் வழக்கு நிற்காது. யார் போட்டது, எத்தனை முறை, எந்த வன்முறைக்கு அழைத்தது என்று காட்டுங்கள். பதிவைச் சேமித்த அசல் போனைப் பத்திரமாக வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டம் 63(4)இன் சான்றிதழ், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு, கட்டாயம் தேவைப்படும். தனி மனிதரான ஒரு சாமியாரையோ பாதிரியாரையோ மௌலவியையோ விமர்சித்ததை மதத்துக்கு எதிரான அவமதிப்பாக்கி மனு எழுதாதீர்கள். உங்கள் நேரமும் வீண், காவலரின் நேரமும் வீண்.

அடுத்து, அரசியல் மேடைகளில் ஓடும் விவாதம். ஒரு பக்கம் "கடுமையான மத நிந்தனைச் சட்டம் வேண்டும்" என்கிறார்கள். பஞ்சாபில் 2015இல் பர்காரியில் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப் அவமதிக்கப்பட்டபின் 2016, 2018, 2025 என மூன்று முறை மசோதா வந்திருக்கிறது. முதலாவதை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2025 மசோதா குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என்கிறது. சட்டமன்றத் தேர்வுக்குழுவுக்குப் போனது. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்தோடு மோதும் எந்த மாநிலச் சட்டத்துக்கும் அரசியலமைப்பின் 254(2)இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். சட்டமன்றத்தில் நிறைவேற்றினால் வேலை முடிந்தது என்று மேடையில் சொல்வது மக்களை ஏமாற்றுவது.

கடுமையை விரும்புகிறவர்கள் பாகிஸ்தானைப் பார்க்க வேண்டும். அதே 1860 தண்டனைச் சட்டம்தான் அங்கும். நபிகள் நாயகத்தை அவமதிப்பது பற்றி 1986இல் சேர்த்த 295சியில் நோக்கம் பற்றிய சொல்லே இல்லை. 1990இல் மத்திய ஷரியத் நீதிமன்றம் மரண தண்டனை மட்டுமே என்றாக்கியது. அந்தச் சட்டத்தைத் திருத்தப் பேசிய ஆளுநர் சல்மான் தசீர் 2011 ஜனவரியில் தன் சொந்தக் காவலராலேயே சுடப்பட்டார். இரண்டு மாதத்தில் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். அந்தப் பிரிவில் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆசியா பீபி விடுதலையாக 2018 ஆனது, கைதானது 2009இல்.

இன்னொரு பக்கம் "அரசியலமைப்பைத் திருத்தினால்தான் 299 போகும்" என்கிறார்கள். அதுவும் சரியில்லை. அயர்லாந்தில் 1937 அரசியலமைப்பிலேயே மத நிந்தனை குற்றம் என்று எழுதியிருந்தது. அதனால் அதை நீக்க 2018 அக்டோபரில் மக்கள் வாக்கெடுப்பு தேவைப்பட்டது, நீக்கத்துக்கு 65 சதவீதம் அளவுக்கு ஆதரவு கிடைத்தது. நம் அரசியலமைப்பில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. 299 ஒரு சாதாரணச் சட்டப்பிரிவு. சாதாரணப் பெரும்பான்மையில் நீக்கலாம், திருத்தலாம். அரசியலமைப்பைத் திருத்துவதற்கான 368இன் சிறப்புப் பெரும்பான்மை, 19(2)இலேயே "மத உணர்வு" என்று சேர்க்க நினைத்தால்தான் தேவை. அந்த யோசனையை முழுமூச்சாக எதிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பொது ஒழுங்கு என்ற ஒற்றைக் கால் போய், யார் மனம் புண்பட்டாலும் போதும் என்றாகிவிடும்.

உண்மையில் திருத்த வேண்டிய இடம் பிஎன்எஸ்எஸ் 217ஆம் பிரிவு. 299 வழக்கை நீதிமன்றம் கோப்புக்கு எடுக்க அரசின் முன் அனுமதி கட்டாயம். ஆனால் எஃப்ஐஆருக்கு அது தேவையில்லை, கைதுக்கும் தேவையில்லை. ஆள் உள்ளே போய், வேலை போய், வீட்டு வாசலில் கூட்டம் கூடிய பிறகுதான் அந்த அனுமதிக்கான கோப்பே நகரத் தொடங்குகிறது. அனுமதி மறுக்கப்பட்டாலும் அந்த நாட்கள் திரும்பி வராது. வடிகட்டியைக் கைதுக்கு முன்னால் நகர்த்துங்கள் என்றுதான் உங்கள் எம்பியிடம் கேட்க வேண்டும். ஒரு உட்பிரிவு, இரண்டு வரி போதும்.